மூன்றாவது வாளி

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி.
என்னோடு பதினோரு பேர்,
அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள்.

பிரிசில்லா எடுத்த படம்.
மர்ஃபி டவுன் பள்ளிக்கூடம், பத்தாவது சி.
அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது:
சுவரின் பாதி உயரம்வரை பூசிய பச்சைப் பெயிண்ட்,
கன்னட மிஸ்ஸின் உடைந்த குடை,
ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி புரளும் எங்கள் வாய்,
பிரேயரில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
யாரெல்லாம் மூடவில்லை என்று எண்ணுவது.

குபேந்திரனாக வந்த பையன் கொஞ்சம் அழகு அதிகம்.
மற்றபடி அவனேதான்.
எட்டாவது பிள்ளைகளின் டிபனைப் பிடுங்குவான்,
பெண்கள் சைக்கிளில் காற்றை இறக்குவான்,
யாராவது அழுதுவிட்டால் மட்டும்
என்ன செய்வதென்று தெரியாமல்
தன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.
நல்லவன் இல்லை.
அதனால்தான் எங்களுக்கு அது சுலபமாக இருந்தது.

மைசூர் எக்ஸ்கர்ஷன் பணம்,
நாலாயிரத்து இருநூறு, பழுப்புக் கவரில்.
இவன் கேட்டால் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள் என்று
மிஸ் அவனிடமே வசூலை விட்டிருந்தார்.
பி.டி. பீரியட் முடிந்து வந்தபோது
பையில் இல்லை.

படத்தில் அதை எடுப்பவள் பிரிசில்லா.
வேறு பெயர்தான், ஆனால் அதே இரட்டைப் பின்னல்,
அதே நகக் கடி.
அம்மாவுக்கு ஆபரேஷன்.
கவரை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைக்கும்போது
காம்பஸ் முனை குத்தி ஒரு சொட்டு ரத்தம்.
முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

படத்துக்குக் காரணம் வேண்டியிருக்கிறது.
எனக்கு இருக்கவில்லை.
பசியில்லை, பகையில்லை,
அப்பாவுக்கு ஹெச்.ஏ.எல்.லில் நிரந்தர வேலை.
வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு
வகுப்பில் தனியாக இருந்தேன்.
ஜிப் பாதி திறந்திருந்தது.
கை நடுங்கக்கூட இல்லை.

அவள் ஏன் தன்மேல் போட்டுக்கொண்டாள்?
இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்று
வாங்காமலே திரும்பினேன்.
தண்ணீர் குடிக்க வந்தவள் அன்று பார்த்திருப்பாளோ.

பிறகு நடந்ததை அப்படியே எடுத்திருக்கிறாள்.
ஹெட்மாஸ்டர் அறை வாசலில் குபேந்திரனின் அப்பா
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது.
யாரும் கழற்றச் சொல்லவில்லை.
டி.சி. எழுதப் போன பேனா எழுதாமல் மக்கர் செய்ய,
வாசலில் நோட்டுக் கட்டோடு நின்ற ஒருவன்
தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது.
கை மட்டும்தான் திரையில்.
நீல மை என்பதுகூடச் சரியாக இருந்தது.

கிளைமாக்ஸில் அவள் பிரேயர் மைக்கைப் பிடித்து
எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறாள்.
எங்கள் பள்ளியில் மைக்கே கிடையாது.

போன வருடம் ஹலசூரு பக்கம் மெட்ரோவில்
குபேந்திரனைப் பார்த்தேன்.
'என்னா மச்சா, குண்டாயிட்டே' என்றான்.
மகளின் போட்டோ காட்டினான், முன்பல் இரண்டு இல்லை.
நான் ஒரு ஸ்டேஷன் முன்பே இறங்கிக்கொண்டேன்.

விளக்கு போட்டார்கள்.
போனில் பிரிசில்லா: 'பாத்தியா? எப்டி?'
பார்க்கிங்கில் ஹெல்மெட்டை மாட்டி,
மறுபடி கழற்றி,
தட்டினேன்:

'நல்லா இருக்கு. ஒரே ஒரு தப்பு.
பணம் ஜியாமெட்ரி பாக்ஸ்ல இல்ல.
வராண்டால தொங்குமே தீயணைக்கிற வாளிங்க,
அதுல மூணாவது, மணலுக்குள்ள.
லீவு முடிஞ்சு போய்ப் பாத்தா
மணலை மாத்திட்டாங்க.'

இரண்டு டிக்கும் நீலமாயின.
டைப்பிங் என்று வந்தது, நின்றது,
மறுபடி வந்தது.
பார்க்கிங்காரர் முப்பது ரூபாய் கேட்டார்.
சில்லறைக்காகப் பை பையாகத் துழாவினேன்.